குழிக்குள் உட்கார்ந்திருப்பது

திருமங்கலம் சிக்னலில் மூன்றாவது முறையாகச் சிவப்பு விழுந்தபோது பொற்கொடிக்கு அந்தக் கம்பத்தையே வேரோடு பிடுங்கி எறியலாம் போல இருந்தது, ஆனால் எரிச்சல் கம்பத்தின் மேல் இல்லை, மடியில் கிடக்கும் போனின் மேல், போனுக்குள் இருக்கும் படத்தின் மேல், படத்துக்கு நடுவே கொசுவலையைச் சுருட்டி வைத்ததுபோல நீலமாக உட்கார்ந்திருக்கும் அந்த உருண்டையின் மேல். காலை எட்டு மணிக்கு, சோழிங்கநல்லூரில் டெங்குவுக்கு மருந்து தேடும் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டர் அமலநாதன் அனுப்பிய படம். கீழே ஒரு வரி, 'நம் நாற்பத்தொன்று குழிக்குள் உட்கார்ந்துவிட்டது, பதினொன்றரைக்குக் கூட்டம், நீங்கள் கட்டாயம் வர வேண்டும்', கூடவே பூச்செண்டு பொம்மை ஒன்று. ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், ஏழு வருஷப் பழக்கத்தில் ஒரு கும்பிடு பொம்மை கூட அனுப்பினதில்லை, இன்றைக்குப் பூச்செண்டு. அவர் காகிதத்தில் வரைந்து அனுப்பும் மூலக்கூறுகளைப் பொடியாகச் செய்து குப்பியில் அடைத்துக் கொடுப்பது இவள் வேலை, அம்பத்தூரில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் சின்ன ரசாயனக் கூடம், பெயர்ப் பலகையில் பாதி எழுத்து மழையில் போய்விட்டது. ஒன்றிலிருந்து நாற்பது வரை செய்து கொடுத்தாயிற்று, ஒன்றும் ஒட்டவில்லை. நாற்பத்தொன்று ஒட்டிவிட்டது என்கிறார். இன்றைக்குக் கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டிவிட்டால் அடுத்து எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள், அதன் ஜாடையில் இன்னும் இருநூறு மூலக்கூறு வேண்டும் என்பார்கள், இரண்டு வருஷத்துக்கு அவள் ஆட்கள் பன்னிரண்டு பேரும் நிமிர வேண்டாம். சந்தோஷப்பட வேண்டியவள். கோயிலுக்குப் போய்விட்டு வரவேண்டியவள். அப்புறம் ஏன் இந்த எரிச்சல். எரியாமல் என்ன செய்யும், படத்தில் குளோரினைக் காணோமே.

குளோரினைக் காணோம், அவ்வளவுதான், சொன்னால் யாருக்கும் புரியாது, புரிகிறவன் ஒத்துக்கொள்ள மாட்டான். இந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அமலநாதன்தான், நாலு வருஷம் முன்னால், கேன்டீனில் டீயை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேஜை ஈரத்தில் விரலால் வரைந்து. டெங்குக் கிருமி தனக்கு வேண்டிய உருப்படிகளை எல்லாம் ஒரே நீளக் கயிறாகத் திரித்துவிடும், அப்புறம் கூடவே கொண்டு வந்த கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கினால்தான் அதற்கு உடம்பு ஆகும். அந்தக் கத்தரிதான் நொதி. அதன் வாயில் சரியான அளவில் எதையாவது செருகிவிட்டால் கத்தரி திறக்காது, மூடாது, கிருமி கயிற்றை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான். செருகுவதற்கு அந்த வாயின், அதாவது குழியின், அளவு தெரிய வேண்டுமே, அதற்குத்தான் படம். கத்தரியைக் கல்கண்டு மாதிரி படிகமாக வளர்த்து, அந்தப் படிகத்தை இவளுடைய பொடி கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, உறையவைத்து, வெளிநாட்டில் ஒரு ஊர் அகலத்துக்கு வளையமாகக் கட்டியிருக்கும் எக்ஸ்ரே கூடத்துக்கு அனுப்பினால், எலக்ட்ரான்கள் எங்கெங்கே கூட்டம் போட்டிருக்கின்றனவோ அங்கெல்லாம் கம்ப்யூட்டர் நீல வலை விரித்துக் காட்டும். சின்ன அணு நிற்கிற இடத்தில் வலை மெலிசு. குளோரின் கனத்த ஆள். அது நிற்கிற இடத்தில் வலை புடைத்துக்கொண்டு நிற்கும், கல்யாண மண்டப வாசலில் குட்டிக் குட்டி சீரியல் லைட்டுகளுக்கு நடுவே ஒரு போகஸ் லைட் போட்டதுபோல, கண் தானாக அங்கேதான் போகும். நாற்பத்தொன்றின் ஒரு கோடியில் குளோரின் இருக்கிறது. இந்தப் படத்தில் அவர்கள் அழகாக நாற்பத்தொன்றின் குச்சி உருவத்தை வலைக்குள் நுழைத்து, குளோரினுக்குப் பச்சை வர்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள். குச்சிக்கு வர்ணம் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். வலையைப் பார், வலையை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பருமன். புழு மாதிரி. போகஸ் லைட் எங்கே?

"மேடம், பாடி பக்கமே திரும்பி வில்லிவாக்கம் வழியா உட்டுப் பாக்கலாமா?" என்றான் துரைக்கண்ணு, பதினோரு வருஷமாக அவளுக்கு வண்டி ஓட்டுகிறவன், பதினோரு வருஷமாகத் தப்பான நேரத்தில் யோசனை சொல்கிறவன். "யோவ், வில்லிவாக்கம் வழியா சோழிங்கநல்லூருக்கு எவன்யா போவான், நேரா போ." "நேரா போறதுக்கு அவன் வழி உடணுமே மேடம்." "ஹார்ன் அடி." "அடிச்சினுதான் கீறேன்." அடித்துக்கொண்டுதான் இருக்கிறான், எல்லாரும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றி நீலத் தகரம் அடித்து வைத்திருக்கிறார்கள், இங்கேயும் நீலம், எவனைக் கேட்டாலும் உள்ளே வேலை நடக்கிறது என்கிறான், உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவன் யார். அந்தக் குளோரினுக்கு அவள் பட்ட பாடு அமலநாதனுக்குத் தெரியுமா. மூணு வாரம். ஹைதராபாத் வியாபாரி ஒருத்தன், மூலப்பொருள் அவனிடம் மட்டும்தான், கடைசி நேரத்தில் போன் போட்டு, குளோரின் வச்சது ஸ்டாக் இல்லம்மா, புரோமின் வச்சது வாங்கிக்கோ, ரெண்டும் அண்ணன் தம்பிதான் என்றான். உன் பொண்ணுக்கு மாப்பிள்ளை பேசிட்டு முகூர்த்தத்தன்னிக்கு அவன் அண்ணனை உட்கார வைப்பியாடா என்று இவள் கத்திய கத்தலில் கூடத்தில் ஒருத்தி கையிலிருந்த புனலைப் போட்டு உடைத்தாள். மூணு வாரம் கத்தி, கெஞ்சி, நேரில் போய் அவன் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, குளோரின் வைத்ததைக் கையோடு வாங்கி வந்தாள். அப்படி வந்த குளோரின். அது குழிக்குள் போய் உட்கார்ந்திருந்தால் அவளுக்குத் தெரியாதா. பெற்ற பிள்ளையைப் போட்டோவில் தெரியாதா ஒருத்திக்கு.

பச்சை விழுந்தது, நாலு வண்டி நகர்ந்தது, மறுபடி சிவப்பு. சொல்லிவிடலாம். கூட்டத்தில் எழுந்து, சார், குளோரின் இருக்க வேண்டிய இடத்தில் வலை புடைக்கவில்லை, இது நாற்பத்தொன்று இல்லை என்று சொல்லிவிடலாம், எவ்வளவு நேரம் ஆகும், அரை நிமிஷம். அரை நிமிஷத்துக்கு அப்புறம் என்ன கேட்பார்கள்? அதைத்தான் அவள் எட்டரை மணியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். படத்தில் குளோரின் இல்லை என்றால் பொடியில் குளோரின் இருந்ததா என்று கேட்பார்கள். கேட்காமல் இருப்பார்களா. அவளே கேட்பாள் அவர்கள் இடத்தில் இருந்தால். தப்பை முதலில் பார்த்தவள் தலையில்தான் தப்பு விடியும், அதை அவள் பதினெட்டு வயதில் படித்தாயிற்று, அதற்கு மட்டும் அவளுக்கு ஒரு டிகிரி கொடுக்கலாம். கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடி கழுவுகிற வேலை, பத்தாவது பெயிலானவளுக்கு அதுவே பெரிசு, ஒருநாள் அலமாரியில் ஒரு பாட்டிலைத் தூக்கினதுமே கை சொல்லிற்று, இது லேபிளில் இருக்கிற சரக்கு இல்லை, கனம் வேறே, மூடியைத் திறந்தால் குளிர்ந்த இனிப்பு வாடை, ஈதர், தீப்பொறி போதும். ஓடிப்போய் லெக்சரரிடம் சொன்னாள். "கழுவுற வேலைக்கு வந்தியா, மோப்பம் புடிக்க வந்தியா?" என்றார். மத்தியானம் பற்றிக்கொண்டது, ஒரு மாணவனுக்குப் புருவமும் புறங்கையும் போயிற்று. சாயங்காலம் பிரின்ஸிபால் அறையில் அதே லெக்சரர், "பாட்டில் மாறியிருக்குன்னு இவளுக்கு மட்டும் எப்படி சார் முன்னாடியே தெரிஞ்சது?" என்றார். எப்படித் தெரிந்தது. கைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரிந்ததைப் பிரின்ஸிபாலிடம் எந்தப் பாஷையில் சொல்வது. மறுநாள் வேலை இல்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பையன் புருவம் எப்படியும் போயிருக்கும், இவள் வேலையாவது மிஞ்சியிருக்கும். இப்படி நினைக்கிறது பாவம். பாவமாவது ஒன்றாவது, கணக்குப் போட்டால் அப்படித்தான் வருகிறது.

சரி, பொடியில் குளோரின் இருந்ததா? இருந்தது. எப்படிச் சொல்கிறாய்? கம்பி வைத்துப் பார்த்தேன். கூடத்தில் பெரிய பெரிய மிஷின்களில் சோதித்த சீட்டு தனியாக இருக்கிறது, ஆனால் குப்பி வெளியே போவதற்கு முன் அவள் தன் கையால் ஒரு செப்புக் கம்பியைச் சுட்டு, அதில் ஒரு துணுக்குப் பொடி எடுத்துத் தீயில் காட்டுவாள், குளோரின் இருந்தால் சுடர் பச்சையாகும், கண்ணாடி கழுவின காலத்தில் கற்றது, படித்த பிள்ளைகள் மறைவாகச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நாற்பத்தொன்றுக்குப் பச்சை வந்தது. நல்ல மரகதப் பச்சை. வந்ததா? அது நாற்பத்தொன்றுக்கா, முப்பத்தொன்பதுக்கா? முப்பத்தொன்பதிலும் குளோரின் உண்டு. இரண்டும் ஒரே வாரத்தில் போயிற்று. முப்பத்தொன்பதைச் சுட்ட கம்பியை மறுபடி சிவக்கச் சுட்டுத் துடைத்துவிட்டுத்தானே நாற்பத்தொன்றைத் தொட்டோம்? துடைத்தோம். துடைக்காமல் இருப்போமா. அன்றைக்கு கரண்ட் போய் வந்தது, வாஷர் போன பம்ப் சத்தம் போட்டது, எவனோ டெலிவரிக்கு வந்து கதவைத் தட்டினான், எழுந்து போனோம், திரும்பி வந்தோம், கம்பி கையில் இருந்தது. துடைத்த கம்பியா, துடைக்காத கம்பியா. பழைய குளோரின் கம்பியில் ஒட்டியிருந்தால் வெறும் சர்க்கரையைக் காட்டினாலும் பச்சை வரும். சீ, மிஷின் சீட்டு இருக்கிறதே. மிஷின் சீட்டில் சரியாகத்தான் இருந்தது. சீட்டு எந்தக் குப்பிக்கு? எல்லாவற்றுக்கும் மேலே இவள் கையெழுத்து. முப்பத்தைந்து வருஷம் ஒருத்தனிடமும் ஏமாறாதவள் கம்பி விஷயத்தில் தன்னிடமே ஏமாந்திருந்தால்? அவளுக்குத் திடீரென்று வியர்த்தது. "ஏசியைக் கூட்டு." "கூட்டிதான் மேடம் கீது." "இது கூட்டினதா, யாரோ பக்கத்துல உட்காந்து ஊதுற மாதிரி இருக்கு."

கோயம்பேடு தாண்டினார்கள். வடபழனி. ஒரு தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே முன்னால் போயிற்று, ஒழுகின தண்ணீர் ரோட்டுக் குழியில் தேங்கி, குழியில் ஒரு தேங்காய் நார், அங்கேயும் ஒரு கொசுக்காரி முட்டை போடுவாள் நாளைக்கு. பொற்கொடிக்கும் வந்தது டெங்கு, மூணு வருஷம் முன்னால். எலும்பு எலும்பாகக் கழற்றிப் பிழிந்த மாதிரி வலி, கண்ணை அசைத்தால் கண்ணுக்குப் பின்னால் வலி. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வந்து சலைன் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போகப் பார்த்தாள். "இதுக்கு மருந்து எப்ப குடுப்பீங்க?" என்று கேட்டாள் இவள். "இதுக்குன்னு மருந்து இல்லம்மா. தண்ணி ஏத்தறோம், காய்ச்சலுக்குக் குடுக்கறோம், உடம்பு தானா சண்டை போடணும்." "இல்லைன்னா? இங்க இல்லையா, எங்கயும் இல்லையா?" "எங்கயும் இல்ல." அந்த நூற்றிரண்டு டிகிரியிலும் அவளுக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே. உலகத்தில் எதுவும் கிடைக்கும், விலைதான் பேச வேண்டும் என்று இருந்தவள், பேரம் பேசக் கூட எதிரில் ஆள் இல்லாத இடத்தில் படுக்கையில் கிடந்தாள். யாரிடம் கத்துவது. கொசுவிடமா. அன்றைக்குத்தான் அமலநாதனின் கத்தரி அவள் மனசில் வந்து உட்கார்ந்தது, அதுவரைக்கும் அது ஒரு வாடிக்கைப் பார்ட்டி கொடுக்கும் ஆர்டர், அதற்கப்புறம் சண்டை. நாற்பது தரம் தோற்ற சண்டை. கத்தரி வாயில் இருக்கும் குழி ஆழம் இல்லை, அதுதான் கேடு, கிண்ணமாக இருந்தால் எதையாவது உட்கார வைக்கலாம், இது சாப்பாட்டுத் தட்டு, அதுவும் ஈரத் தட்டு, எதை வைத்தாலும் வழுக்கிக்கொண்டு போகிறது. நாற்பத்தொன்று உட்கார்ந்துவிட்டது என்றதும் அவளுக்கும்தான் காலையில் கை தட்ட வேண்டும் போல இருந்தது. ஒரு முழு நிமிஷம் இருந்தது. இட்லியை வாயில் வைத்துக்கொண்டு படத்தைப் பெரிசாக்கினாள், தட்டைத் தள்ளி வைத்தாள்.

அமலநாதனுக்கே போட்டுவிடலாம் என்று போட்டாள். கூட்டத்தில் எழுந்து சொல்வதைவிட இப்போதே காதில் போட்டால் மனுஷனுக்கும் மரியாதை. இரண்டாவது மணியிலேயே எடுத்தார், பின்னால் நாற்காலி இழுக்கும் சத்தம், யாரோ மைக்கைத் தட்டும் சத்தம். "பொற்கொடி அம்மா! எங்க இருக்கீங்க? டெல்லியிலேர்ந்து ரெண்டு பேர் ஸ்கிரீன்ல வந்து உட்காந்தாச்சு." "வடபழனி. சார், அந்தப் படத்துல—" "பாத்தீங்கல்ல? எப்படி உட்காந்திருக்கு பாத்தீங்களா? நம்ம வரைஞ்ச மாதிரியே!" "அதான் சார் கேக்கறேன், வரைஞ்ச மாதிரியே இருக்கு, ஆனா குளோரின் பக்கம்—" "குளோரின்தான் அம்மா பிடிச்சு நிறுத்தியிருக்கு, உங்க கை ராசி, நான் சொல்லப் போறேன் எல்லார் முன்னாடியும். வாங்க வாங்க, நேர்ல பேசுவோம்." வைத்துவிட்டார். கை ராசியாம். கை ராசி. இந்த மனுஷன் யாரிடமும் இப்படிப் பேசினதில்லை, ஒரு சோதனை சரியாக வந்தால் கூட மூணு தரம் திருப்பிச் செய்யச் சொல்லிக் கொல்வார், நாற்பது தோல்வியிலும் ஒரு தரம் கூடக் கண்ணை மூடிக்கொண்டதில்லை, நாற்பத்தொன்றில் மூடிக்கொண்டார். அடுத்த வருஷத்தோடு ரிட்டயர் ஆகிறார், அதுதான். எல்லாரையும் போல அவருக்கும் ஒரு தரம் ஆசை வந்துவிட்டது, ஆசை வந்த ஆளிடம் சரக்கு விற்பது சுலபம், இத்தனை காலமும் அவள் அப்படித்தானே விற்றிருக்கிறாள், எதிராளி கண்ணில் ஆசை தெரிந்ததும் விலையை ஏற்றுவாள். இந்தத் தரம் விற்பனைக்காரி யார்? ஒரு நீல உருண்டை. அவருக்கு அவரே விற்றுக்கொண்டார். எலிக்குக் கொடுப்பார்கள், எலி சாகும் அல்லது சாகாது, கிருமி போகாது, இருநூறு ஜாடை செய்யச் சொல்வார்கள், இவள் ஆட்கள் இரண்டு வருஷம் முதுகு ஒடியச் செய்வார்கள், எதுவும் ஒட்டாது, ஏன் ஒட்டவில்லை என்று ஒருத்தனுக்கும் தெரியாது, ஏனென்றால் முதல் ஆளே உட்காரவில்லை. அதற்குள் இன்னும் எத்தனை மழைக்காலம். எத்தனை பேர் டாக்டரம்மாவிடம் மருந்து எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்பார்கள்.

கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போதுதான் அது மூளையில் இடறியது. ஒன்றுமே ஊறவைக்காத படிகம். வெறும் படிகம். ஏதோ ஒரு வருஷம் அமலநாதனே சொன்னது, பொடி போட்டதையும் போடாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது விருந்தாளி எது வீட்டுக்காரன் என்று தெரியும். இந்தப் படத்தோடு அந்தப் படம் வரவில்லையே. எடுத்தார்களா? படிகம் வளர்க்கிறவள், ஊறவைக்கிறவள், பெட்டியில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவள் ஷாகிரா, அமலநாதனிடம் ஆராய்ச்சி செய்யும் பெண், இருபத்தேழு வயசு, சத்தம் போடாமல் சாப்பிடுவாள், சத்தம் போடாமல் நடப்பாள். போட்டாள் போனை. வெகுநேரம் அடித்து எடுத்தாள். "சொல்லுங்க அக்கா." "எங்க இருக்கே?" "கூட்டத்துக்கு ஸ்லைடு போட்டுட்டு வெளிய வந்தேன் அக்கா." "வெறும் படிகம் எடுத்தியாடி?" அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம். "ஷாகிரா. பொடி போடாத படிகம். எடுத்தியா இல்லியா?" "எடுத்தேன் அக்கா. அதே பெட்டியில ஒண்ணு சேர்த்து அனுப்பியிருந்தேன்." "என்ன வந்துச்சு?" மேம்பாலத்தின் மேலே வெயில் கண்ணாடியில் அடித்தது. "சொல்றியா, இல்ல நான் வண்டியிலேர்ந்து குதிக்கட்டுமா?" "அதுலயும் இருக்கு அக்கா. அதே இடத்துல. அதே மாதிரி." பிறகு கடகடவென்று கொட்டினாள். "படிகம் வளர்றதுக்கு மெழுகு மாதிரி ஒண்ணு போடுவோம்ல அக்கா. அதோட துண்டு. நீளமா, ஒரே பருமனா. அதுதான் குழியில போய்ப் படுத்திருக்கு. உங்க பொடி வந்து உட்காரவே இல்ல." "எப்பத் தெரியும்?" "ஒன்பது நாளாச்சு."

ஒன்பது நாள். வந்த கோபத்தில் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது, ஒன்பது நாள் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய், எலிக்குக் கொடுக்கும்வரை வைத்திருப்பாயா, இதற்கா உன்னைப் படிக்க வைத்தார்கள், எல்லாம் வாய்வரைக்கும் வந்தது, கத்தினாள் கூட, பாதி கத்தினாள், துரைக்கண்ணு கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டான். அந்தப் பக்கம் ஷாகிரா அழவில்லை, அழுதிருந்தால் இவள் இன்னும் கத்தியிருப்பாள். "சார் டைரக்டர் கிட்ட சொல்லிட்டு வந்து ஸ்வீட் குடுத்தாரு அக்கா. அவரே எழுந்து வந்து எல்லார் மேஜைக்கும் வச்சாரு, கூட்டம் முடிவாகற வரைக்கும் வெளிய சொல்லாதீங்கன்னாரு. அதுக்கு மறுநாள்தான் வெறும் படிகத்தோட படம் வந்துச்சு. நான் போய் கதவுக்கிட்ட நின்னேன். மூணு தரம் நின்னேன். என் தீசிஸ்ல கையெழுத்துப் போட வேண்டியவரு அக்கா." மூணு தரம் கதவு வரைக்கும் போனாளாம். பொற்கொடிக்கு அந்தக் கதவு தெரியும். எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் அந்தக் கதவு ஒன்றுதான், கைப்பிடியைத் தொடும்போதே உள்ளே யாரோ, உனக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரிஞ்சது என்று கேட்பது கேட்கும். இந்தப் பெண் சொன்னால் ஒன்பது நாள் எங்கே போனாய் என்று கேட்பார்கள், சொல்லாவிட்டால் ஒருநாள் வேறே எவனோ கண்டுபிடித்து ஒன்பது வருஷம் எங்கே போனாய் என்று கேட்பான். இரண்டிலும் அவள் கழுத்துதான். கம்பி தப்பில்லை என்பது இவளுக்கு அப்போதுதான் உறைத்தது, பொடியில் குளோரின் இருந்தது, இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், பொடியே குழிப்பக்கம் போகவில்லை, காலையிலிருந்து வீணாக ஒரு கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெருமூச்சு விடலாம் என்றால் அதுவும் வரவில்லை. "இங்க பாரு," என்றாள், குரலைத் தாழ்த்தினால் இன்னும் கோபமாகக் கேட்கிறது என்பது அவளுக்குத் தெரியும், என்ன செய்வது, குரல் அப்படி. "அந்தப் படத்தை ரெடியா வச்சுக்க. நீ வாயைத் தொறக்காதே. நான் வந்து கேப்பேன். கேட்டா போடு. அவ்வளவுதான் உன் வேலை." "அக்கா, உங்க ஆர்டர்..." "அதை நான் பாத்துக்கறேன், நீ உன் மெழுகைப் பாத்துக்க." வைத்த பிறகு பன்னிரண்டு பேர் முகமும் வரிசையாக வந்தது. வந்து நின்றது. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு அவள் உள்ளே நுழைந்தபோது அறை இருட்டாக்கப்பட்டு, நீல உருண்டை சுவர் அளவுக்கு நின்றது. மேஜையைச் சுற்றி ஆறு பேர், டெல்லிக்காரர்கள் இரண்டு பேர் பக்கத்துத் திரையில் ஸ்டாம்ப் அளவில். அமலநாதன் இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் எழுந்து, "இவங்கதான், நான் சொன்னேனே, இவங்க கையில செஞ்சதுதான்," என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இந்த முகத்தைப் பார்க்காமல் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். உட்காரக் கூட இல்லை அவள். "சார், குளோரின் இருக்கற பக்கம் வலை புடைக்கணும்னு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. இதுல புடைக்கல." அவர் சிரிப்பு கொஞ்சநேரம் அங்கேயே இருந்தது, பிறகு இல்லை. மேஜையில் ஒருவர் இருமினார். அமலநாதன் சுவரைத் திரும்பிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் எட்டரை மணியிலிருந்து காத்திருந்த அதே கேள்வியைக் கேட்டார். "உங்க பொடியில குளோரின் இருந்துச்சா?" "குப்பியில மிச்சம் இருக்கு. நீங்களே சோதிச்சுக்கங்க, நான் வெளிய நிக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. பொடி போடாத படிகத்தைப் பக்கத்துல போடச் சொல்லுங்க." ஷாகிரா கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தாள், யாரும் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. சுவர் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் ஒரு நீலப் புழு, வலப்பக்கம் அதே நீலப் புழு, அதே வளைவு, அதே பருமன், ஒன்றுக்குப் பொடி கொடுத்தது, ஒன்றுக்குக் கொடுக்காதது, எது எது என்று சொல்லாவிட்டால் பெற்றவளுக்கும் தெரியாது. அமலநாதன் மேஜையைச் சுற்றிக்கொண்டு சுவருக்குக் கிட்டப் போனார், புதுச்சட்டை முதுகில் நீலம் விழுந்தது. "இது எப்ப எடுத்தது?" என்றார், திரும்பாமல்.

ஷாகிராவின் உதடு பிரிந்தது. "இன்னிக்குக் காலைலதான் சார்," என்றாள் பொற்கொடி. "வண்டியிலேர்ந்து நான்தான் கத்தி எடுக்க வச்சேன். ரொம்பக் கத்திட்டேன் அந்தப் பொண்ணை. நீங்க வேற ஒண்ணும் சொல்லிடாதீங்க." சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே கேட்டது. வெளிநாட்டில் ஒரு ஊர் அகலத்துக்கு இருக்கும் மிஷினில் எடுக்கிற படத்தை கத்திப்பாரா மேம்பாலத்திலிருந்து கத்தி எடுக்க வைத்தாளாம். முப்பத்தைந்து வருஷத்தில் எத்தனை எத்தனை பொய், எவ்வளவு பதமாகச் சொன்னவள், அறையில் ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் தெரிகிற பொய்யை இப்படியா போட்டு உடைப்பாள். படத்தின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் தேதி வேறே இருந்தது, ஒன்பது நாள் பழசு, இவ்வளவு தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. அமலநாதன் அதற்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். சட்டை ஓரத்தில் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி அந்த மூலையைப் படித்தார், ஷாகிராவைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார், ஒரு கணம் கேன்டீன் மேஜையில் டீயைத் தள்ளிவைத்துப் பார்க்கிற அந்தப் பழைய பார்வை. பிறகு பக்கத்துத் திரையின் பக்கம் திரும்பி, எழுதி வைத்துப் படிக்கிறவரைப் போல ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில் சொன்னார், நாற்பத்தொன்றை நாங்கள் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், எங்கள் பிழை, இன்று காலையில்தான் தெரிய வந்தது. திரையை அணைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், ஒரேயடியாக, புதுச்சட்டை மடிப்பெல்லாம் கசங்கும்படி. யாரும் எழுந்திருக்கவில்லை. "நாற்பத்திரண்டு எப்ப குடுப்பீங்க?" என்று கேட்டார், மேஜையைப் பார்த்தபடி.

"முதல்ல வரைஞ்சு குடுங்க சார்," என்றாள் பொற்கொடி, தேவைக்கு மேல் உரக்க.